சாப்பாடு இறங்கவில்லை என்றால் குளிசை மட்டும் போதாது

கேள்வி: டொக்டருக்கு வணக்கம். ஒட்டுசுட்டான் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 61 வயது, வயல் செய்கிறார். பிரஷருக்காக மாதாமாதம் கிளினிக் போகிறவர். வெற்றிலையோடு புகையிலை போடுவார். போன ஐப்பசி விதைப்பு நேரம் நெஞ்செரிவு என்றார். பாமசியில் ஒமிப்ரசோல் வாங்கிக் கொடுத்தோம், சுகமாக இருந்தது. தை கடைசியில் பிட்டு நெஞ்சுக்குள் நிற்கிறது என்றார். பிறகு பாண். இப்போது சோற்றையும் நன்றாகக் குழைத்துக் கொடுத்தால்தான் இறங்குகிறது. 71 கிலோ இருந்தவர் இப்போது 62. இடையில் மூன்று இடங்களில் காட்டினோம், மூன்று இடத்திலும் காஸ்ட்ரிக் என்றுதான் குளிசை தந்தார்கள். வயிற்று ஸ்கானில் ஈரலில் கொழுப்பு இருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை என்றார்கள். கமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒரு நர்ஸ் அக்கா சொன்னா. அப்பா மறுக்கிறார். வற்றாப்பளைப் பொங்கல் முடியட்டும் என்றார், அது முடிந்தது. இப்போது சிறுபோகம் வெட்டட்டும் என்கிறார். உடம்பில் ஷெல் துண்டு இருப்பதால் மெஷினுக்குள் போகக் கூடாது என்றும் சொல்கிறார். இது வெறும் காஸ்ட்ரிக்தானா? நாங்கள் சுணங்கிவிட்டோமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

சிறுபோகம் வெட்டும் வரை காத்திருக்க வேண்டாம். இந்தக் கிழமையே அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். மற்ற எல்லாவற்றையும் அதற்குப் பிறகு பேசலாம் என்று எழுதி முடித்துவிடத்தான் மனம் சொல்கிறது. ஆனால் காரணம் தெரியாமல் நீங்கள் அவரைச் சம்மதிக்க வைக்க முடியாது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

சாப்பாடு நெஞ்சுக்குள் நிற்கிறது, அது மாதக்கணக்கில் கூடிக்கொண்டே வருகிறது, உடம்பும் மெலிகிறது என்றால் அதைக் காஸ்ட்ரிக் என்று வைத்துக்கொண்டு இருக்கக் கூடாது. உள்ளே பார்த்த பிறகுதான் அது என்ன என்று யாராலும் சொல்ல முடியும். அப்பாவுக்குப் புற்றுநோய் என்று நான் சொல்லவில்லை. அமிலம் பட்டுப் பட்டு உணவுக்குழாய் சுருங்கியிருக்கலாம். குழாயின் கீழ்வாய்த் தசை இளகாமல் இறுகி நிற்கும் ஒரு நோயும் உண்டு. இரண்டுக்கும் நல்ல வைத்தியம் இருக்கிறது. ஆனால் 61 வயதில், புகையிலை போடுகிற ஒருவருக்கு, ஒன்பது கிலோ குறைந்த பிறகு, முதலில் தேட வேண்டியது உணவுக்குழாயிலோ இரைப்பையின் மேல்வாயிலோ புற்றுநோய் இருக்கிறதா என்பதைத்தான். பிரித்தானியாவில் குடும்ப வைத்தியர்களுக்கு இருக்கிற வழிகாட்டுதல், விழுங்கக் கஷ்டம் என்று வருகிற எவரையும் வயது பாராமல் அவசரமாகக் கமராப் பரிசோதனைக்கு (எண்டோஸ்கோபி, வாய் வழியாகக் குழாய் விட்டு உணவுக்குழாயையும் இரைப்பையையும் பார்ப்பது) அனுப்பச் சொல்கிறது.

மூன்று இடத்தில் காட்டியும் ஏன் பிடிபடவில்லை என்று நினைப்பீர்கள். நெஞ்செரிவு என்று வருகிற நூறு பேரில் மிகப் பெரும்பாலானோருக்குப் பாரதூரமாக ஒன்றும் இருப்பதில்லை. அதனால் முதல் தடவை குளிசை கொடுத்துப் பார்ப்பது சரியான வைத்தியம்தான். தவறு பிறகு நடக்கிறது. இரண்டாவது இடத்துக்குப் போனபோது அவர்களுக்கும் அது முதல் தடவை. மூன்றாவது இடத்திலும் அப்படியே. ஐப்பசியில் எரிவு, தையில் பிட்டு, பிறகு பாண் என்று வளர்ந்து வந்த கதையை முழுதாகக் கேட்டவர் யாரும் இல்லை. ஒவ்வொருவரும் அந்த ஒரு நாளைத்தான் பார்த்திருக்கிறார்கள். வன்னியில் இது இன்னும் அதிகம். டொக்டர்மார் இடமாற்றத்தில் போய் வருகிறார்கள், வெளிநோயாளர் பிரிவில் வரிசை நீளம், சனமும் ஒரு தடவை பாமசி, ஒரு தடவை தனியார் கிளினிக், ஒரு தடவை ஆஸ்பத்திரி என்று மாறி மாறிப் போகிறது. இரைப்பை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் பிந்திப் பிடிபடுகிற கதைகளில் நான் திரும்பத் திரும்பக் காண்பது இதைத்தான். ஒரு பெரிய கவனயீனம் என்று எதையும் காட்ட முடியாது. சின்னச் சின்ன நியாயமான முடிவுகள் சேர்ந்து எட்டு மாதத்தைக் கொண்டுபோய்விடுகின்றன.

குளிசையும் இதில் பங்கு எடுக்கிறது. ஒமிப்ரசோல் நல்ல மருந்து, அதில் குறை இல்லை. அது அமிலச் சுரப்பைக் குறைக்கிறது. அமிலம் குறைந்தால் புற்றுநோயால் வந்த புண்ணிலும் எரிவு குறையும், மேற்பரப்பு கொஞ்சம் ஆறியதுபோலக்கூடத் தோன்றும். உள்ளே கட்டி வளர்ந்துகொண்டிருக்க, ஆள் ‘சுகம்’ என்பார். எனவே குளிசைக்குச் சுகம் வந்தது என்பதை வைத்து இது சாதாரண காஸ்ட்ரிக்தான் என்று முடிவு கட்ட முடியாது.

இனி உணவுக்குழாய். பெரியவர்களில் அது ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர் நீளமான, நன்றாக விரிந்து கொடுக்கிற தசைக் குழாய். உள்ளே கட்டி வளரத் தொடங்கினாலும் மற்றப் பக்கம் விரிந்து சாப்பாட்டுக்கு வழி விடும். பிட்டு, பாண், இறைச்சி போன்றவை சிக்கத் தொடங்குகிற நேரம் குழாயின் அகலம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கும். அதிலும் மனிதர்கள் அதற்குப் பழகிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மிடறு தண்ணீர் குடிப்பார்கள். நிறையச் சொதி விடுவார்கள். மற்றவர்கள் எழும்பிப் போன பிறகும் இருந்து மெல்லுவார்கள். அம்மா கேட்காமலே சோற்றைக் குழைத்துவிடுவா. வீட்டில் எல்லோரும் சேர்ந்து நோய்க்கு இடம் ஒதுக்கிக் கொடுப்பதுபோல ஆகிவிடுகிறது, அன்பினால்தான். கல்யாண வீட்டுக்கோ கோயில் அன்னதானத்துக்கோ போவதை ஒருவர் மெல்ல மெல்ல நிறுத்தியிருந்தால், ஆட்களுக்கு முன் சாப்பிட வெட்கப்படுகிறாரா என்றும் யோசியுங்கள்.

சாப்பாடு எங்கே நிற்கிறது என்று ஆள் விரலால் காட்டுகிற இடத்தையும் முழுதாக நம்ப முடியாது. அடைப்பு கீழே இரைப்பை வாயில் இருக்கும்போது தொண்டைக் குழியைக் காட்டுகிறவர்கள் உண்டு. ‘தொண்டையைப் பார்த்தோம், ஒன்றும் இல்லை’ என்பதோடு நின்றுவிடக் கூடாது என்பது இதனால்தான்.

அப்புறம் அந்த ஸ்கான். வயிற்று ஸ்கான் ஈரல், பித்தப்பை, சிறுநீரகம் போன்றவற்றைக் காட்ட நல்லது. உணவுக்குழாய் நெஞ்சுக்குள் இருக்கிறது, அது அதில் வராது. இரைப்பைக்குள் காற்று இருப்பதால் அதன் உள்சுவரும் தெரியாது. ஈரல் கொழுப்பு இந்தக் காலத்தில் எத்தனையோ பேருக்கு இருக்கிறது, அதற்குச் சாப்பாடு நிற்காது. ஸ்கானில் ஏதோ ஒன்று கிடைத்துவிட்டால் எல்லோருக்கும் ஒரு ஆறுதல் வந்து, தேடல் அங்கேயே நின்றுவிடுகிறது. சாதாரண இரத்தப் பரிசோதனை சரியாக இருந்தாலும் அதே கதைதான், அது இந்த நோயை இல்லை என்று சொல்லிவிடாது.

அதே நேரம் இரத்தம் குறைவாக இருந்தால் அது பெரிய தடயம். அறுபது வயது ஆணுக்கு இரும்புச்சத்துக் குறைந்து குருதிச்சோகை வந்திருந்தால், இரும்புக் குளிசை கொடுப்பதோடு எங்கே இரத்தம் போகிறது என்று தேடவும் வேண்டும். மலம் தார் மாதிரிக் கறுப்பாக, ஒட்டிக்கொள்வதாக, கெட்ட மணத்தோடு போனால் பெரும்பாலும் மேல்வயிற்றில் இரத்தம் கசிகிறது என்று அர்த்தம். இரும்புக் குளிசையும் மலத்தைக் கறுப்பாக்கும் என்பதால் குளிசை தொடங்க முன்பே அப்படி இருந்ததா என்று அப்பாவிடம் கேட்டு வையுங்கள். இதையெல்லாம் எங்கள் ஆம்பிளைகள் தாங்களாகச் சொல்லமாட்டார்கள்.

சரி, இந்தக் கிழமை என்ன செய்வது?

அப்பாவின் பிரஷர் கிளினிக் கொப்பியை எடுங்கள். பெரும்பாலும் அதில் ஒவ்வொரு தடவையும் நிறை எழுதியிருக்கும். ஐப்பசியில் இருந்து வரிசையாக ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில் எரிவு எப்போது, பிட்டு எப்போது, பாண் எப்போது, சோறு எப்போது, என்ன குளிசை எவ்வளவு நாள் என்று எழுதுங்கள். சத்தி வந்ததா, மலம் கறுத்ததா என்பதையும் சேருங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். நீங்கள் இதுவரை போன மூன்று இடத்திலும் இல்லாத பொருள் அந்தத் தாள்தான். டொக்டரின் மேசையில் கொப்பியோடு அதையும் வையுங்கள். பேசத் தொடங்கும்போது ‘அப்பாவுக்குக் காஸ்ட்ரிக்’ என்று தொடங்க வேண்டாம். ‘அப்பாவுக்கு ஐந்து மாதமாகச் சாப்பாடு இறங்கவில்லை, ஒன்பது கிலோ குறைந்துவிட்டது, கமராப் பரிசோதனைக்குக் கடிதம் வேண்டும்’ என்று நேரடியாகச் சொல்லுங்கள். அது மரியாதைக் குறைவு இல்லை. எந்த நல்ல டொக்டரும் கோபிக்க மாட்டார்.

கமரா வசதி எல்லா வைத்தியசாலையிலும் இருக்காது. முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலையில், இல்லையென்றால் மாங்குளம் ஆதார வைத்தியசாலையில் காட்டி, எங்கே கெதியாகச் செய்ய முடியுமோ அங்கே கடிதம் கேளுங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை என்றாலும் தயங்க வேண்டாம், மாங்குளம் சந்திக்கு வந்தால் ஏ9இல் பஸ் இருக்கிறது. அரச வைத்தியசாலையில் இதற்குப் பணம் இல்லை. தருகிற திகதி ஒன்றரை இரண்டு மாதம் தள்ளி இருந்தால் அந்தத் தாளை மறுபடி காட்டி, விழுங்குவதில் கஷ்டம் என்று சொல்லி முன்னுக்குப் போட முடியுமா என்று கேளுங்கள். எரிவுக்காகப் போகிறவரையும் இப்படிப் போகிறவரையும் ஒரே வரிசையில் வைக்கக் கூடாது, அவர்களுக்கும் அது தெரியும்.

இனி வருவதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

ஐயா, நீங்கள் பயப்படுகிற மெஷின் இது இல்லை. ஷெல் துண்டு உள்ளவர்கள் விசாரிக்காமல் போகக் கூடாதது காந்தத்தால் இயங்கும் எம்ஆர்ஐ மெஷினுக்குள். உங்களுக்கு யாரோ சொன்னது அதைப் பற்றித்தான், அது சரியான புத்திமதி. கமராவில் காந்தம் கிடையாது. விரல் மொத்தத்திலும் குறைந்த, வளைந்து கொடுக்கிற குழாய், நுனியில் வெளிச்சமும் கமராவும். தொண்டைக்கு மரக்கச் செய்யும் மருந்து அடிப்பார்கள். இடப்பக்கம் சரிந்து படுக்க வேண்டும். ஓங்காளம் வரும், அது உண்மை. மூச்சு அடைக்காது, ஏனென்றால் குழாய் போவது சாப்பாட்டு வழியில். பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். பிறகு சிற்றி ஸ்கான் எடுக்கச் சொன்னாலும் ஷெல் துண்டு தடையில்லை, அது எக்ஸ்ரே வகைதான். எதற்கும் எந்த இடத்தில் துண்டு இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 2009இல் இடம்பெயர்ந்தபோது பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகள், எக்ஸ்ரேக்கள் எல்லாம் போய்விட்டிருக்கும், அதனால் வாயால்தான் சொல்ல வேண்டும்.

உள்ளே மிகச் சின்னத் தசைத் துண்டுகள் எடுப்பார்கள். துண்டு எடுத்தால் நோய் பரவும் என்று ஊரில் ஒரு பயம் இருக்கிறது. அப்படிக் கமராவில் துண்டு எடுத்ததால் நோய் பரவுவதில்லை. துண்டு எடுக்காமல் எந்த நோய் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, வைத்தியமும் தொடங்க முடியாது. சிறுபோகத்தை மகளோ மருமகனோ நின்று வெட்டுவிக்கலாம், வெட்டு மெஷின் வந்து போகிற வேலைதான். உங்களுக்காக வேறு யாரும் போய்க் கமராவுக்குப் படுக்க முடியாது.

தங்கைக்கு இன்னும் சில விடயங்கள். பரிசோதனைக்கு முன் ஆறு மணித்தியாலமாவது சாப்பாடு இல்லாமல் இருக்க வேண்டும். அப்பாவுக்குச் சாப்பாடு உள்ளே தங்குவதால் முதல் நாள் முழுக்க நீராகாரமாகவே கொடுக்கச் சொல்வார்கள், கேட்டுச் செய்யுங்கள். பிரஷர் குளிசையோடு அஸ்பிரினோ வேறு இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் குளிசையோ போடுகிறார் என்றால் திகதி எடுக்கும்போதே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். ஒமிப்ரசோலைத் தொடர்வதா என்பதையும் அப்படியே கேளுங்கள்.

முடிவு வாங்குவதில்தான் இன்னொரு சுணக்கம் ஒளிந்திருக்கிறது. கமரா விட்ட அன்று தருகிற அறிக்கை வேறு, தசைத் துண்டின் அறிக்கை வேறு. இரண்டாவது வரக் கிழமைக்கணக்கு ஆகும். ‘கடிதம் வரும்’ என்று வீட்டில் இருக்க வேண்டாம். எப்போது, எந்த அறையில் வாங்குவது என்று அன்றே கேட்டு எழுதிக்கொண்டு, அந்த நாளில் போங்கள். அறிக்கையில் புற்றுநோய் இல்லை என்று வந்து, அப்பாவுக்கு இறங்குவது மட்டும் இன்னும் மோசமானால், மறுபடி போங்கள். சில கட்டிகள் உட்சுவருக்கு அடியில் பரவுகின்றன, மேலால் எடுத்த துண்டில் அகப்படாது. பின்னாளில் இந்தப் புற்றுநோய் உறுதியானவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு, அதற்கு முந்திய மூன்று வருடத்துக்குள் எடுத்த கமராவில் அது தெரியாமல் போயிருந்ததாக வெளிநாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு தடவை பார்த்தாயிற்று என்பதை வாழ்நாள் உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

புற்றுநோய் என்று வந்தால் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள் என்பதே அப்பாவின் உண்மையான பயமாக இருக்கலாம். நீங்கள் அதை எழுதவில்லை, ஆனால் வன்னியில் பலருக்கு அந்தப் பெயரே தீர்ப்புப் போலக் கேட்கிறது. கொழும்புப் பக்கம் மஹரகமப் புற்றுநோய் வைத்தியசாலை வரை போய் வர முடியாமல் வைத்தியத்தை விட்டவர்கள் இருந்த காலத்தில்தான் அந்த வைத்தியசாலை வந்தது. 2011இல் தீவின் தென்முனைக்கும் பருத்தித்துறைக்கும் இடையே நடந்து பணம் சேர்த்தார்கள். அதில் கட்டப்பட்டது. கதிர்ச் சிகிச்சைக்கும் மருந்து ஏற்றுவதற்கும் போய் வீடு திரும்புகிறவர்கள் அங்கே தினமும் இருக்கிறார்கள். நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் வைத்தியம். மிக ஆரம்பத்தில் கமராவின் வழியாகவே வெட்டி எடுக்கலாம். அதைத் தாண்டினால் மருந்து, கதிர், சத்திரசிகிச்சை என்று சேர்த்துக் கொடுப்பார்கள். சத்திரசிகிச்சைக்குப் பிந்திவிட்டாலும், அடைத்த இடத்தில் கம்பிவலைக் குழாய் வைத்து மறுபடி சாப்பிட வைக்கலாம். சாப்பிட முடிவது என்பது எந்தக் கட்டத்திலும் ஒரு மனிதனுக்குப் பெரிய விடயம்.

நீங்கள் சுணங்கிவிட்டீர்களா என்று கேட்டீர்கள். தையில் பிட்டு நின்றபோதே கமரா விட்டிருக்க வேண்டும், அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் நீங்கள் மூன்று இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறீர்கள், ஸ்கான் எடுத்திருக்கிறீர்கள், நாலாவதாக எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அந்த மாதங்களின் பாரத்தை நீங்கள் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை, வைத்தியத்துறைக்கும் அதில் பங்கு உண்டு.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. நெஞ்செரிவு வந்தவுடன் பயந்து ஓட வேண்டாம். ஆனால் சாப்பாடு சிக்குதல், காரணமில்லாத மெலிவு, கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுதல், தொடர்ந்து சத்தி, கறுப்பு மலம், குருதிச்சோகை, இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் பாமசியில் குளிசை வாங்குவதை நிறுத்திவிட்டு டொக்டரிடம் போங்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் மெலிந்தால் சீனியால்தான் என்று விட்டுவிடாதீர்கள். இரைப்பைப் புண் என்று கமராவில் சொல்லப்பட்டவர்கள், மருந்து முடிய, ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் அது ஆறிவிட்டதா என்று மறுபடி கமராவில் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். சில புற்றுநோய்கள் புண்ணின் வேடத்தில்தான் இருக்கின்றன. ஹெலிகோபக்டர் பைலோரி என்ற கிருமி இருந்தால் அதற்கு மருந்தை முழுதாக எடுங்கள். இரைப்பைப் புற்றுநோய்க்கு அது ஒரு காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1994இலேயே சொல்லிவிட்டது. வெற்றிலை, பாக்கு, புகையிலை பற்றி எழுதினால் தாத்தா பாட்டி காலத்துப் பழக்கம் என்பார்கள். பாக்கையும், புகையிலை சேர்ந்தாலும் சேராவிட்டாலும் வெற்றிலைக் கூட்டையும், புற்றுநோய் தருவன என்று அதே முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. இலங்கையில் உணவுக்குழாய்ப் புற்றுநோய் முன்வரிசையில் நிற்கிற புற்றுநோய்களில் ஒன்று. அப்பா இன்றே வெற்றிலையையும் புகையிலையையும் நிறுத்தட்டும்.

திகதி வரும் வரை அவரை மெலிய விடாதீர்கள். வைத்தியத்தைத் தாங்க உடம்பு வேண்டும். கஞ்சியில் பால் சேருங்கள், பயறு, முட்டை, மீன் எல்லாவற்றையும் மசித்துக் கொடுங்கள், ஒரு நாளில் ஆறு ஏழு தடவையாகப் பிரித்துக் கொடுங்கள். நிமிர்ந்து இருந்து சாப்பிட வேண்டும், சாப்பிட்டு அரை மணித்தியாலம் படுக்கக் கூடாது. சுடச்சுடப் பிளேன்ரீ குடிக்கிறவர் என்றால் ஆறவிட்டுக் கொடுங்கள். தண்ணீரோ எச்சிலோகூட இறங்கவில்லை, சத்தியில் இரத்தம் வருகிறது, மலம் கறுத்து மயக்கமும் வருகிறது என்றால் திகதியைப் பார்க்க வேண்டாம். 1990 அம்புலன்ஸுக்கு அழைத்து அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், கொப்பியையும் தாளையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு.